ஆலைத் திடலும் கமர்கட்டும்

தை 18, ஞாயிறு

ஏ நாட்குறிப்பே, உன்னை நெல் மண்டிக்காரர் அன்பளிப்பாகத் தந்தார். உன் அட்டையில் இருந்த மண்டி விளம்பரத்தின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டேன். அதன்மேல் கருநீல மையால் பொறித்திருப்பது என் பெயர்: இளவெயினி, மாமன்ற உறுப்பினர், முப்பத்தோராம் வட்டம்.

மூன்று முறை இதே வட்டத்தில் வென்று, மூன்று முறையும் எதிர்வரிசையில் அமர்ந்தவள் நான். முறைகேடு கண்டபோதெல்லாம் முழங்கினேன். முழங்கி முடித்ததும் வெளிநடப்புச் செய்தேன். செய்தித்தாள்கள் என்னை 'வெளிநடப்பு வேங்கை' என்று எழுதின. சென்ற தேர்தலில் காற்று திசைமாறியது. இப்போது நாங்கள் ஆளும் வரிசை. இங்கே நாற்காலிக்கு மெத்தை இருக்கிறது. முதுகு இன்னும் பழகவில்லை.

என் இணையர் மணவாளன் ஒலிபெருக்கி வாடகைக் கடை நடத்துபவர். ஊரெல்லாம் என் குரலைப் பரப்பியவர் அவரே; ஆனால் வீட்டில் தணித்து வைக்கச் சொல்பவரும் அவரே. மெத்தை நாற்காலியைப் பற்றிச் சொன்னதும், "இனிமே உக்காந்து பழகு வெயினி. அதுக்குத்தான் ஓட்டுப் போட்டாங்க" என்றார். இது அறிவுரையா நகைச்சுவையா என்று விளங்கவில்லை.

குடிநீர்க் குழாய் பற்றி ஆறு அழைப்புகள். நாய்த்தொல்லை பற்றி ஒன்று. சாம்பார் அடிப்பிடித்தது.

தை 21, புதன்

உப்புக்கால்வாய்க் கரைக்குச் சென்றேன். கால்வாயை அகலப்படுத்தும் பணி கோடை முடிந்ததும் தொடங்குகிறது. கரையில் வாழும் குடும்பங்கள் அனைத்தும் இடம்பெயர்ந்தாக வேண்டும். எங்கே என்பதுதான் வினா.

வீட்டு வாரியம் இரண்டு இடங்களைக் காட்டுகிறது. ஒன்று, ஊருக்கு நெடுந்தொலைவில் காட்டாம்பட்டிப் பொட்டல். மற்றொன்று, கரைக்கு எதிரிலேயே உள்ள பழைய அரிசி ஆலைத் திடல். திடல் மாநகராட்சிக்கே உரியது. ஆலை இயங்காமல் போய்ப் பல்லாண்டு ஆயிற்று. இன்று அங்கே எருக்கஞ்செடிகளே குடியிருக்கின்றன. ஆயினும் நகரத்தின் நிலவரைபடத்தில் அது இன்னும் 'தொழிற்பகுதி'. தொழிற்பகுதியில் வீடு கட்டக் கூடாது. 'குடியிருப்புப் பகுதி' என்று மாற்ற மாமன்றம் தீர்மானம் இயற்றினால் வாரியம் அங்கே அடுக்ககம் எழுப்பும். சித்திரை பிறப்பதற்குள் இயற்றாவிட்டால் எல்லாருக்கும் காட்டாம்பட்டிதான்.

சகாயமேரி எனும் அம்மையார் பேருந்து நிலைய வாயிலில் இட்லிக்கடை நடத்துகிறார். வைகறையில் அடுப்பு மூட்டுபவர். ஆவி பறக்கும் தட்டை இறக்கியபடியே என்னிடம் சொன்னார்:

"யக்கா, காட்டாம்பட்டியில இருந்து மொத பஸ்ஸே எட்டு மணிக்குத்தான். நான் அடுப்ப தூக்கிட்டு வந்து எறங்குறப்ப ஊரே சாப்பிட்டு முடிச்சிருக்கும். அப்புறம் யாருக்கு இட்லி? காக்காய்க்கா?"

அவர் சிரித்தார். சுற்றி நின்ற பெண்களும் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயே ஒரு கவிழ்த்த அண்டாவின்மேல் ஏறி நின்று உறுதிமொழி தந்தேன்: "இந்தத் திடல் உங்கள் திடல்! தீர்மானத்தை நானே முன்மொழிவேன்!" கையொலி எழுந்தது. அண்டா சற்று நசுங்கியது.

தை 24, சனி

கடையில் உள்ள பெரிய குழாய் ஒலிபெருக்கிக்குள் அணில் ஒன்று கூடு கட்டிக் குட்டி ஈன்றிருக்கிறது. நாளைய திருமணத்துக்கு அதைத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த இணையர், ஓடி ஓடி வேறொன்றை இரவல் வாங்கி வந்தார். "அது காலி பண்ணட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்கிறார். தொழில் நடத்தும் முறையா இது?

தை 27, செவ்வாய்

எதிரணித் தலைவர் கனகசபாபதி பழத்தட்டோடு வீடு தேடி வந்தார். ஆலைத் திடலுக்கு நேரெதிரே அவருடைய திருமண மண்டபம். திடலை 'வணிகப் பகுதி' ஆக்கினால் விருந்தினர் ஊர்திகளை நிறுத்த இடம் கிடைக்கும் என்பது அவர் கனவு. மேயர் அம்மையாரின் மகள் திருமணமும் பங்குனி இறுதியில் அதே மண்டபத்தில்தான்.

"அம்மா, உங்க பேச்சுக்கு நான் அடிமை. நீங்க பேசுனா போதும், தீர்மானம் எங்க போகப்போகுது?" என்றார். பெருந்தன்மையான மனிதர். பழம் இனித்தது.

மாமன்றத்தில் எங்கள் அணிக்கும் அவர்கள் அணிக்கும் ஒரே ஒரு கைதான் வேறுபாடு. கை ஒன்றானாலும் என் நா ஒன்று போதும். உரை நாற்பது பக்கத்தைத் தாண்டிவிட்டது. உப்புநீர் கொப்பளித்தேன், பனங்கற்கண்டு சுவைத்தேன். துணி துவைக்க மறந்துவிட்டேன்.

மாசி 5, செவ்வாய்

வரலாற்று நாள்.

முற்பகல் மாமன்றம் கூடியது. தீர்மானத்தை முன்மொழிந்து எழுந்தேன். "அடுப்பெரிக்கும் கைகளுக்கு அடிநிலம் இல்லையா? எருக்குக்கு இடமுண்டு, ஏழைக்கு இடமில்லையா?" என்று தொடங்கியபோது கூரை விசிறிகளே தம் சுழற்சியை மறந்தன. (மின்சாரம் நின்றது என்பர் சிலர்.) பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தபோது மேயர் அம்மையார் மணியடித்தார். "நேரம் முடிஞ்சுது, உக்காருங்க. ஓட்டெடுக்கணும்" என்றார். நான் பதின்மூன்றாம் பக்கத்தைப் புரட்டினேன். அப்போது கனகசபாபதி எழுந்து, "பேச விடுங்கம்மா! இல்லாட்டி அவங்க வழக்கம்போலக் கெளம்பிடப் போறாங்க!" என்று எனக்காகப் பரிந்தார். அதே நொடியில் என் ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள்.

என் குருதி கொதித்தது. "ஒலிவாங்கியை அணைக்கலாம், உண்மையை அணைக்க முடியாது! இந்த அடக்குமுறையைக் கண்டித்து வெளிநடப்புச் செய்கிறேன்!" என்று முழங்கி, கட்சித் துண்டைத் தோளில் வீசி, வாயிலைக் கடந்து வெளியேறினேன். என்னே நடை! தாழ்வாரத்தில் ஒளிப்படக்காரர்கள் சூழ்ந்துகொண்டனர். கை உயர்த்தி நின்றேன்.

உள்ளே வாக்கெடுப்பு நடந்தது. இரு புறமும் கைகள் சமம். சமமானால் மேயர் தம் வாக்கால் முடிவு செய்யலாம். அவரோ மண்டபக்காரர் முகத்தைப் பார்த்தார், எங்கள் அணியின் முகத்தைப் பார்த்தார், அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்துவிட்டார்.

கொள்கைக்காக நான் கொடுத்த விலை அது.

மாசி 6, புதன்

மூன்று செய்தித்தாள்களில் என் படம். கைவிரல்கள் தெளிவாக விழுந்திருக்கின்றன. இணையர் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் படித்தார்.

"வெயினி, ஒரு சந்தேகம்."

"வினவுக."

"தீர்மானம் கொண்டுவந்தது யாரு?"

"நான்."

"வெளிநடப்புப் பண்ணது?"

"அது அடக்குமுறைக்கு எதிரான அறப்போர்."

"சரி சரி. யாருக்கு எதிரா? நம்ம ஆளுங்கதானே அங்க ஆட்சி?"

அணிலுக்கு நிலக்கடலை வைக்கும் வேலை இருப்பதாகக் கூறி எழுந்துபோனார். அவர் தோள்கள் குலுங்கின. இருமல் போலும்.

மாலையில் கட்சி அலுவலகத்திலிருந்து அழைப்பு. பேசியவரின் நாகரிகமற்ற சொற்களை இங்கே எழுதி உன்னைக் கறைப்படுத்த விரும்பவில்லை.

மாசி 7, வியாழன்

அந்தி நேரத்தில் கால்வாய்க் கரைப் பக்கம் நடந்தேன். சகாயமேரி இட்லித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு எழுந்து, முந்தானையில் கை துடைத்து, "வாங்கக்கா" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் அந்த அண்டா, நசுங்கிய இடம் தட்டிச் சீர்செய்யப்பட்டு, கவிழ்ந்து கிடந்தது.

நெஞ்சில் சிறு கனம். நேற்றைய வடை காரணமாகலாம்.

மாசி 10, ஞாயிறு

சகாயமேரி வீட்டுக்கு வந்தார், இலையில் மடித்த இட்லியும் மிளகாய்ப்பொடியுமாக. அடுத்த கூட்டம் பங்குனி மூன்றாம் நாள் என்று சொன்னேன். அதுவே இறுதி வாய்ப்பு என்றும் சொன்னேன். அவர் கேட்டதோ வேறு.

"யக்கா, அந்த மன்றத்துக்குக் கதவு எத்தன?"

"ஒன்றே ஒன்று. தேக்கு. இரட்டைக் கதவு."

"வெளியப் பாத்துத் தொறக்குமா, உள்ளப் பாத்தா?"

"வெளிப்புறமாக."

"வாசலுக்கு முன்னால உக்கார எடம் இருக்கா? ஒரு முப்பது பேரு?"

"தாழ்வாரம் அகலமானது. தாராளமாக அமரலாம். ஏன்?"

"சும்மாத்தான். பெரிய கட்டடமாச்சே, தெரிஞ்சுக்கலாம்னு."

நம் மக்களின் கட்டடக்கலை ஆர்வம் வியப்புக்குரியது. பின்னர் அவரும் இணையரும் கடைவாயிலில் நின்று நெடுநேரம் அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அணிலைப் பற்றிப் பேச அவ்வளவு இருக்கிறதா?

மாசி 16, சனி

கோழிக்கழிவு கொட்டுவோரை எச்சரித்தேன். தெருவிளக்கு மூன்று எரிந்தது. உரை ஐம்பத்திரண்டு பக்கம்.

மாசி 28, வியாழன்

இணையர் கமர்கட்டு ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். கருப்பட்டிப் பாகில் தேங்காய் சேர்த்துக் கல் போல் உருட்டியது. வாயில் இட்டால் மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் உடன்பிறப்புகளாக்கிவிடும்.

"தொண்டைக்கு ரொம்ப நல்லதாம்" என்றார்.

"பனங்கற்கண்டு இருக்கிறதே."

"இது அதவிட நல்லது. ஆனா நேரம் பாத்துப் போடணும். கூட்டத்துல கனகசபாபதி எந்திரிச்சதும் ஒண்ண வாயில போட்டுக்க. அவர் பேசி முடிக்கறதுக்குள்ள தொண்டை கணீர்னு ஆயிடும். அப்புறம் நீ வெளுத்து வாங்கு."

மருத்துவம் இவருக்கு எப்போது கைவந்தது என்று தெரியவில்லை. ஆயினும் என் குரல்மேல் இத்தனை அக்கறை கொண்ட இணையர் வாய்த்தமைக்கு மகிழ்ந்து, இரவுச் சமையலை நானே செய்தேன். அவர் முழுதும் உண்டார். வீரர்.

பங்குனி 3, செவ்வாய்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலையில் மாமன்ற வளாகத்தில் நுழைந்தபோது சகாயமேரியும் கரைப் பெண்களும் தாழ்வாரத்தில் திரண்டிருந்தனர். இட்லிக்கடையை ஒருநாள் மூடிவிட்டு வந்திருக்கிறார்! என்னை வாழ்த்தி வழியனுப்ப வந்த அன்பை எண்ணிக் கண் கலங்கினேன். நான் உள்ளே சென்றதும் எனக்குப் பின்னால் அவர்கள் வாயில் முன்பே, முழங்காலோடு முழங்கால் இடிக்க, நெருக்கமாக அமர்ந்தனர். காவலர், "வழிய மறிக்காதீங்கம்மா" என்றதும், "யாரு மறிச்சா? வெயிலுக்கு ஒதுங்குறோம்" என்று சகாயமேரி சொன்னது காதில் விழுந்தது.

தீர்மானம் மீண்டும் எடுக்கப்பட்டது. ஐம்பத்திரண்டு பக்கத்தையும் மேசைமேல் அடுக்கினேன். முதலில் பேச எழுந்தவர் கனகசபாபதி. இணையர் சொன்னது நினைவுக்கு வர, கமர்கட்டை வாயில் இட்டேன். இரண்டு இட்டேன். தொண்டை பெரிது.

"மேயர் அம்மா, போன தடவ அம்மா தன் தீர்மானத்தத் தானே அநாதையா விட்டுட்டுப் போனாங்க. இன்னைக்கு என்ன, சத்தமே காணோம்? தமிழ் தீந்துபோச்சா?" என்றார். எதிர்வரிசை சிரித்தது. என் வரிசையிலும் இரண்டு பேர் சிரித்ததைக் குறித்துக்கொண்டேன்.

வாய் திறக்க முயன்றேன். பற்கள் ஒத்துழைக்கவில்லை.

அவர் என்னை ஓரக்கண்ணால் பார்த்தபடி தொடர்ந்தார். "நான் வெளிப்படையாவே கேக்கறேன். கால்வாய்க்கரை ஆளுங்க எதிர்ல மாடியில நின்னு துணி காயப்போட்டா, மண்டபத்துக்குக் காருல வர்ற விருந்தாளிங்க என்ன நெனைப்பாங்க? ஊருக்கு ஒரு மரியாதை வேணாமா?"

நாற்காலி பின்னே சரிய எழுந்தேன். 'இந்த இழிசொல்லைக் கண்டித்து' என்று தொடங்கினேன். "ம்ம்ம்ம்" என்றுதான் வந்தது. வேறு வழியின்றி, சற்றுக் காற்று வாங்கலாம் என்று வாயிலை நோக்கி நடந்தேன். காற்று வாங்குவது உடல்நலத்துக்கு இன்றியமையாதது.

கதவைத் தள்ளினேன். அது சாணளவே திறந்தது. இடைவெளியில் சகாயமேரியின் முகம். அவருக்குப் பின்னால் முகங்கள், முகங்கள், முகங்கள். அவர்கள் நடுவே அந்த அண்டாவும் இருந்தது. அதை எதற்குக் கொண்டுவந்தார்களோ!

சகாயமேரி சிரிக்கவில்லை. என் முகத்தை நிமிர்ந்து பார்த்து மெல்லச் சொன்னார்: "யக்கா, இன்னைக்கு மட்டும் உள்ளயே இருந்துடுங்க. அந்தாளு சொன்னது எங்க காதுலயும் விழுந்துச்சு. எங்களுக்குப் பழக்கந்தான். நீங்க போய் உக்காருங்க."

எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேரை வாய்மூடச் செய்தவள் நான். திரும்பி நடந்தேன். அமர்ந்தேன். மெத்தை நன்றாகவே இருந்தது.

எல்லாக் கண்களும் என்மேல். கனகசபாபதி என் இடியை எதிர்பார்த்து நின்றார். இடி வரவில்லை. "சொல்லுங்கம்மா" என்றார். நான் கமர்கட்டைச் சுவைத்தேன். "எதாவது திட்டுங்கம்மா!" என்றார். கன்னத்தின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு நகர்த்தினேன். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. கையில் வைத்திருந்த குறிப்புத்தாளைப் பார்த்தார். என் வசைக்கு மறுமொழியாக எழுதி வந்ததெல்லாம் பயனற்றுப் போயிற்று. தம் வரிசையை எண்ணினார். எங்கள் வரிசையை எண்ணினார். நான் இருக்கையில் இருக்கிறேன். ஒரு கை கூடுதல்.

"நேரம் முடிஞ்சுது, ஓட்டெடுக்கலாமா?" என்றார் மேயர் அம்மையார்.

கனகசபாபதி துண்டை உதறினார். "இந்த அவமதிப்பக் கண்டிச்சு நாங்க வெளிநடப்புப் பண்றோம்!"

"யாரு உங்கள அவமதிச்சா?" மேயர் உண்மையிலேயே குழம்பிப் போனார்.

"ஒரு வார்த்தை பதில் சொல்லாம மென்னுக்கிட்டே இருக்காங்களே, அதவிட என்ன அவமதிப்பு வேணும்?"

அவர்கள் அணி முழுதும் எழுந்து வாயிலுக்கு நடந்தது. கதவு இம்முறை அகலத் திறந்தது. வெளியே சகாயமேரியின் குரல் தாழ்வாரம் முழுதும் கேட்டது: "ஏ புள்ளைங்களா, வழி விடுங்கடி! அண்ணன் வெளிய போறாரு, நல்லாப் போகட்டும்!"

வாக்கெடுப்பு. கை உயர்த்தினேன். எங்கள் அணியின் அத்தனை கைகளும் உயர்ந்தன. எதிர்க்கக் கையே இல்லை. ஆலைத் திடல் இனி குடியிருப்புப் பகுதி. மேயர் அம்மையார், "ஒருமனதா நிறைவேறுச்சு" என்று மணியடித்தார். அவர் முகத்திலும் ஒரு நிம்மதி.

ஐம்பத்திரண்டு பக்கத்தில் ஒரு சொல்லைக்கூட நான் பேசவில்லை. எழுதும்போது சற்று வலிக்கிறது. வெளியே வந்தபோது பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். "நன்றி" என்று சொல்ல முயன்றேன். அப்போதும் "ம்ம்ம்" என்றுதான் வந்தது.

பங்குனி 4, புதன்

கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. செய்தித்தாள்களில் என் படம் இல்லை. கனகசபாபதியின் வெளிநடப்புப் படம் இருக்கிறது. துண்டு வீசும் முறை தவறு. தோள் தாழ்ந்திருக்கிறது. அவருக்குப் பயிற்சி போதாது.

பங்குனி 8, ஞாயிறு

வாரியத்தினர் திடலில் அளவுக்கல் ஊன்றினார்கள். கட்டி முடியும்வரை அக்கம்பக்கத்திலேயே வாடகைக்குக் குடியிருக்க வாரியம் உதவும் என்று அலுவலர் அறிவித்தார். சகாயமேரி திடலின் கிழக்கு மூலையில் எருக்கை வெட்டிச் சாய்த்துவிட்டு, "எனக்குத் தரைத்தளம் கெடச்சாப் போதும்கா, அடுப்ப வெளிய உருட்டிக்கிட்டுப் போயிடலாம்" என்றார்.

பின்னர் பெண்கள் கூடி ஒரு விண்ணப்பம் வைத்தார்கள். நான் அன்று பேசாத உரையை இன்று முழுதும் பேச வேண்டுமாம்! ஏ நாட்குறிப்பே, இவர்களைவிட உயர்ந்த மக்கள் எங்கேனும் உளரோ?

இணையர் ஒலிபெருக்கி கட்டினார். பெரிய குழாயை அணில் இன்னும் காலி செய்யவில்லையாதலால் சிறியதைக் கட்டினார். நாற்காலிகள் லாரியில் வந்து இறங்கின. முதுகில் கனகசபாபதி மண்டபத்தின் பெயர். அவரே பின்னால் வந்து முன்வரிசையில் அமர்ந்தார்.

"அம்மா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்று என் காதருகே குனிந்தார். "அந்தக் கமர்கட்டு எந்தக் கடை?"

"தொண்டைக்கு நல்லது" என்றேன்.

"தெரியுது, தெரியுது" என்று தலையாட்டினார்.

கவிழ்த்த அண்டாவின்மேல் ஏறினேன். பேசினேன். எருக்கும் கேட்டது; கால்வாய் நீரும் நின்று கேட்டது. பன்னிரண்டாம் பக்கத்தில் எவரும் மணியடிக்கவில்லை. நாற்பதாம் பக்கத்தில் சிலர் குழந்தைகளுக்குச் சோறூட்டினர், நான் பொறுத்துக்கொண்டேன். ஐம்பத்திரண்டாம் பக்கத்தில், "இனி இம்மண்ணைவிட்டு எம் மக்களை எவராலும் அகற்ற முடியாது!" என்று முழங்கியபோது எழுந்த கையொலியை இந்த ஊர் இதுவரை கேட்டதில்லை. உணர்ச்சிப் பெருக்கில் துண்டைத் தோளில் வீசினேன், அண்டாவிலிருந்து இறங்கினேன், திடலின் வாயிலை நோக்கி விரைந்து நடந்தேன்.

பின்னாலிருந்து சேலைத் தலைப்பை யாரோ பற்றினார்கள். சகாயமேரி.

"எங்கக்கா கெளம்பிட்டீங்க? எல போட்டாச்சு."

கூட்டம் முழுதும் வெடித்துச் சிரித்தது. எதற்கென்று எனக்குப் புலப்படவில்லை. இணையர் ஒலிவாங்கியை அணைக்க மறந்து சிரித்ததால் அவர் சிரிப்பு தெரு முழுதும் கேட்டது.

காற்று வாங்கத்தான் போனேன். சகாயமேரி தலைப்பை விடவில்லை. அமர்ந்தேன், ஒன்பது இட்லி உண்டேன்.